திட்டிவாசல்

சிங்கப்பூர்
30.5.2021, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா எப்படி இருக்கிறார்கள்? ராத்திரி தூங்குகிறார்களா? அப்பாவின் காரியத்தன்று நீ போனில் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ரூமில் சுற்றி பதினோரு பேர், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது அக்கா. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து பெரியவனுக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன், அவனை வாசித்துக் காட்டச் சொல்.

"நெனச்சிருந்தா வந்திருக்கலாம்ல" என்று கேட்டாய். உண்மைதான், வந்திருக்கலாம், அதை மறைக்க மாட்டேன். இங்கிருந்து கிளம்புவதை யாரும் தடுக்கவில்லை. இந்தியாவும் தடுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் 72 மணி நேரத்துக்குள் எடுத்த கொரோனா சோதனைச் சான்று காட்ட வேண்டும் என்பது விதி, ஆனால் குடும்பத்தில் சாவு என்று வருகிறவர்களுக்கு அதிலும் விலக்கு கொடுத்திருந்தார்கள். போகிற கதவு திறந்துதான் இருந்தது. திரும்பி வருகிற கதவைத்தான் மூடிவிட்டார்கள்.

ஏப்ரல் 22ஆம் தேதி இங்கே அரசு அறிவித்தது. மறுநாள் இரவு 11.59 மணியிலிருந்து, கடைசி 14 நாளில் இந்தியாவில் இருந்த யாரும் உள்ளே வர முடியாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வரலாம், என்னை மாதிரி வேலை பர்மிட்டில் இருப்பவர்கள் வர முடியாது. ஏற்கனவே அனுமதிக் கடிதம் கையில் வைத்திருந்தவர்களுக்கும் அது செல்லாது என்று ஆகிவிட்டது. எங்கள் சைட்டில் வெல்டிங் பார்க்கிற அறந்தாங்கிப் பையன் ஒருவன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனவன், 25ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டிருந்தான், இரண்டு நாளில் தவறியது. அவன் பெட்டும் டிரங்குப் பெட்டியும் எனக்கு எதிரிலேயே இன்னும் இருக்கின்றன. எப்போது திறப்பார்கள் என்று தேதி எதுவும் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் காய்ச்சல் என்று நீ சொன்னது அதற்குப் பிறகு ஐந்தாறு நாள் கழித்து. மே 5ஆம் தேதி ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அந்த அம்மா நல்லவர்தான், உட்கார வைத்துப் பேசினார். "போகலாம், விடுப்பு தருகிறோம், ஆனால் எப்போது திரும்பி வர முடியும் என்று எங்களால் சொல்ல முடியாது, உன் பர்மிட் ஜூலையில் முடிகிறது, அப்போது நீ இங்கே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உறுதி தர முடியாது" என்றார். அன்று ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன். வீட்டுக் கடன், சின்னவள் நர்சிங் படிப்பு, அம்மா மருந்து, அத்தானுக்கும் ஊரடங்கில் வண்டி ஓடாத நிலைமை. மூன்று மாதமா, ஆறு மாதமா, ஒரு வருஷமா என்று தெரியாமல் ஊரில் வந்து உட்கார முடியுமா? அப்பா பிழைத்துவிடுவார் என்றும் நம்பினேன். ஆக்சிஜன் பெட் கிடைத்துவிட்டது என்று நீ சொன்னபோது இனிமேல் பயமில்லை என்றுதான் நினைத்தேன். 9ஆம் தேதி காலையில் பெரியவன் கூப்பிட்டபோது நான் லாரியில் இருந்தேன்.

கொள்ளி வைக்கப் பேரன் இருந்தான், மகன் இல்லை. அந்தக் கவச உடைக்குள் அவன் முகம்கூடத் தெரியாத அந்த வீடியோவை இன்றுவரை இரண்டாவது முறை பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பதினாறாம் நாளும் சரியாக 24ஆம் தேதி, முழு ஊரடங்கு ஆரம்பித்த அன்றே வந்தது. பக்கத்துத் தெரு சித்தப்பாவே வர முடியவில்லை என்றாய். நான் வந்திருந்தாலும் எத்தனை பேர் நின்றிருப்போம்? இது சமாதானம் இல்லை அக்கா, நீ தனியாக நின்றாய் என்பது எனக்குப் புரிகிறது என்று சொல்ல வருகிறேன்.

இந்த நாட்டைத் திட்டி எழுதுவேன் என்று நீ எதிர்பார்க்கலாம். திட்ட மனசு வரவில்லை. போன வருஷம் ஏப்ரலில் இந்த டார்மெட்ரியில், அதாவது எங்கள் தொழிலாளர் விடுதியில், நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னதே இல்லை, நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று. ஏர்போர்ட்டை எல்லாம் இறுக்கிக் கட்டிவிட்டு நாடே கொஞ்சம் நிம்மதியாக இருந்த நேரத்தில், உள்ளே எங்கள் இடங்களில்தான் கொரோனா தீ மாதிரி பரவியது. ஒரு ரூமில் பன்னிரண்டு முதல் இருபது பேர், ஒரே குளியலறை, ஒரே சமையல்கூடம். வாசலில் பாதுகாப்பு போட்டு, ஏப்ரல் 21லிருந்து எல்லா டார்மெட்ரியும் வெளியே போகக் கூடாது என்று ஆனது. மாதக்கணக்கில் அந்த ரூம்தான். தினமும் யாரையாவது வண்டி வந்து ஏற்றிப் போகும், அவன் தலையணையைப் பார்த்துக்கொண்டே தூங்குவோம். டிசம்பரில் அரசே கணக்கு சொன்னது: டார்மெட்ரிகளில் இருந்த 3,23,000 பேரில் 47 சதவீதம் பேருக்கு வந்து போயிருக்கிறது. நானும் அதில் ஒருவன். ஒரு நாள் வாசனை தெரியவில்லை, அவ்வளவுதான் எனக்கு. பிறகு ரத்தச் சோதனையில் வந்துபோனது தெரிந்தது. அம்மாவிடம் இப்போதும் சொல்லாதே.

ஆனால் சிகிச்சைக்கு எங்களிடம் ஒரு டாலர்கூட வாங்கவில்லை. மூன்று வேளை சாப்பாடு வந்தது, முதல் வாரங்களில் வாயில் வைக்க முடியாமல் இருந்து பிறகு நம்ம ஊர் சாம்பாராக மாறியது. சம்பளமும் வந்தது. எங்கள் ஆட்களில் இறந்தவர்கள் மிகச் சிலர்தான். உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று வந்தால் இந்த நாடு காப்பாற்றும், அதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் வெளியே விடுவது வேறு கதை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் நாங்கள் இன்னும் தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவுக்குப் போக முடியாது. சைட், ரூம், ஓய்வு நாளில் அனுமதி வாங்கி எங்களுக்கென்று இருக்கிற மையத்தில் சில மணி நேரம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூக்கில் குச்சி விட்டுச் சோதனை. ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிய அந்தப் புல்தரையை நான் பார்த்து 14 மாதம் ஆகிறது.

கதவை மூடியதும் சும்மா இல்லை. இந்தியாவில் மே 6 அன்று ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கும் மேல் தொற்று, தமிழ்நாட்டில் 21ஆம் தேதி 36,000 பேருக்கும் மேல். இங்கே அதே சமயம் ஏர்போர்ட்டிலும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலும் பரவ ஆரம்பித்து, மே 16லிருந்து மறுபடியும் கட்டுப்பாடு, ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, இரண்டு பேருக்கு மேல் சேரக் கூடாது. ஆபத்தான நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குத் தனிமை 14 நாளிலிருந்து 21 நாளாகிவிட்டது. இவ்வளவு சின்ன ஊர், பயப்படத்தான் செய்வார்கள். இதே நாடுதான் ஏப்ரல் 28 அன்று இரண்டு ராணுவ விமானத்தில் 256 ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பியது. அன்று டிவியில் பார்த்தபோது அதில் ஒன்று நம்ம அப்பாவுக்குப் போகுமோ என்றுகூட ஒரு நினைப்பு. அது வடக்கே போயிருக்கும், தெரியும், இருந்தாலும் நினைத்தேன்.

மற்ற நாடுகளைப் பார்த்தால் இன்னும் கடுமை. ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிமக்களையே இந்தியாவிலிருந்து வரக் கூடாது, மீறினால் ஐந்து வருஷம் வரை ஜெயில் அல்லது 66,600 டாலர் அபராதம் என்று சட்டம் போட்டார்கள், மே 3 முதல் 15 வரை. நியூசிலாந்து ஏப்ரலிலேயே இரண்டு வாரத்துக்கும் மேல் அப்படிச் செய்தது. பாஸ்போர்ட் கொடுத்த நாடே வராதே என்றால் மனுஷன் எங்கே போவான்? பிரிட்டன் சிவப்புப் பட்டியல் என்று வைத்து, தன் மக்களை வரவிட்டுப் பத்து நாள் ஹோட்டலில் அடைக்கிறது, செலவு அவரவர் கையிலிருந்து. எனக்கு அதுதான் கொஞ்சம் நியாயமாகப் படுகிறது. பணம் இருப்பவனுக்குத்தான் அது வழி என்றாலும், வழி என்று ஒன்று இருக்கிறதே.

இங்கே என்கூட வேலை பார்க்கிற கிரேன் டிரைவர் அண்ணன் ஒருவரைப் பற்றிச் சொன்னேனே, ஜொகூர்க்காரர், மலேசியத் தமிழர். அவர் வீட்டுக்கும் இந்த நாட்டுக்கும் நடுவில் ஒரு பாலம்தான், ஒரு கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். கொரோனாவுக்கு முன்னால் தினமும் 3 லட்சம் பேருக்கு மேல் இரண்டு பக்கமும் போய் வந்த எல்லை அது. விடியற்காலை நாலு மணிக்கு பைக்கை எடுத்து வந்து, ராத்திரி பிள்ளைகளோடு சாப்பிடப் போய்விடுவார். போன வருஷம் மார்ச் 16 ராத்திரி மலேசியப் பிரதமர் டிவியில் பேசினார், 18ஆம் தேதியிலிருந்து மூடல். நடுவில் ஒரே நாள்தான். வேலை வேண்டுமா வீடு வேண்டுமா என்று அந்த ஒரு நாளில் முடிவெடுத்து, ஒரு பையோடு இந்தப் பக்கம் வந்துவிட்டார். முதல் ராத்திரி படுக்க இடமில்லாமல் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் கிடந்தவர்களும் உண்டாம். மூடிய பாலத்தில் காய்கறி லாரியும் கோழி லாரியும் மட்டும் நிற்கவில்லை. சிங்கப்பூருக்கு வருகிற தண்ணீர்க் குழாயும் அந்தப் பாலத்தோடுதான் போகிறது. எல்லாம் வந்தது, மனுஷன் மட்டும் போக முடியவில்லை. ஆகஸ்டிலிருந்து, மூன்று மாதம் தொடர்ந்து இங்கே வேலை செய்தால் ஊருக்குப் போய் வரலாம் என்று ஒரு ஏற்பாடு வந்தது. இரண்டு பக்கமும் தனிமை இருக்க வேண்டும், கம்பெனியும் அத்தனை நாள் விட வேண்டும். 14 மாதத்தில் அவர் போனது ஒரே தடவை. ஞாயிற்றுக்கிழமை உட்லண்ட்ஸ் கடற்கரையில் போய் நின்று எதிர்க்கரையை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். கட்டடங்கள் தெளிவாகத் தெரியும். எந்தத் திசையில் வீடு என்று விரல் வைத்துக் காட்டுவார்.

இந்த மே 17லிருந்து இரண்டு நாடும் பேசி ஒன்று செய்திருக்கின்றன அக்கா. நெருங்கிய உறவில் சாவு, அல்லது உயிருக்கு ஆபத்தான நோய் என்றால் மட்டும் விண்ணப்பித்து எல்லை தாண்டலாம். சோதனை உண்டு, பேப்பர் உண்டு, கண்காணிப்பு உண்டு, ஆனால் போகலாம், திரும்பியும் வரலாம். அண்ணனின் அப்பாவுக்கு ஒரு வாரமாக ரொம்ப முடியவில்லை. எழுதிப் போட்டார், நேற்று அனுமதி வந்துவிட்டது. மலேசியாவில் நேற்று மட்டும் 9,020 பேருக்குத் தொற்று, ஜூன் 1லிருந்து நாடே முழு அடைப்பு. அப்படி இருந்தும் அந்தச் சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவர் அந்தக் கடிதத்தை போனில் காட்டியபோது சந்தோஷமாக இருந்தது, உள்ளே என்னவோ செய்தது. நம்ம அப்பா போய் 21 நாள்.

நம்ம ஊர் கோயிலில் ராத்திரி பெரிய கதவைச் சாத்திய பிறகு, அந்தக் கதவிலேயே ஒரு சின்னக் கதவு இருக்குமே, குனிந்து போக வேண்டும். திட்டிவாசல் என்று அப்பாதான் சொல்லிக் கொடுத்தார். அர்த்தஜாமம் முடிந்து அவர் தோளில் தூங்கிக்கொண்டு நான் வெளியே வந்தது அந்த வழியாகத்தான், தலை இடிக்காமல் கையை வைத்துப் பிடித்துக்கொள்வார். நாடுகள் பெரிய கதவை மூடட்டும், மூடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டிருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சின்னக் கதவு மட்டும்தான். 21 நாள் இல்லை, 40 நாள் தனியாக அடைத்துப்போட்டாலும் இருந்திருப்பேன், என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். ஒரு பாலத்துக்குச் செய்ய முடிந்ததை ஒரு விமானத்துக்கும் செய்ய முடியும் என்றுதான் நினைக்கிறேன். இங்கே தொழிலாளர்களுக்கு உதவுகிற ஒரு தொண்டு அமைப்பில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், என்னைப் போல டார்மெட்ரியில் இன்னும் நாலு பேருக்கு இதே கதை, எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டோம்.

சரி, வீட்டு விஷயம். அம்மாவுக்கு முதல் ஊசி ஏப்ரல் கடைசியில் போட்டது. கோவிஷீல்டு இரண்டாவது ஊசிக்கு 12 முதல் 16 வாரம் இடைவெளி என்று 13ஆம் தேதி மாற்றிவிட்டார்கள், அதனால் ஜூலைக் கடைசிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு அலையாதே, ஆனால் தேதியைக் காலண்டரில் குறித்து வை. அத்தானும் நீயும் இன்னும் போடவில்லை என்று சின்னவள் சொன்னாள். அப்பாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகும் தள்ளிப்போடாதீர்கள், உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். ரேஷன் கடையில் கொடுக்கிற 2,000 ரூபாயை வாங்கிவிட்டீர்களா? நான் நேற்று 25,000 அனுப்பினேன், அதில் ஐயருக்கும் சுடுகாட்டில் உதவிய பையன்களுக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடு.

அப்புறம், அஸ்தியைக் கொல்லையில் மரத்தில் கட்டி வைத்திருப்பதாகப் பெரியவன் சொன்னான். மாமா வந்து கரைக்கட்டும் என்று நீ சொன்னாயாம். நான் எப்போது வருவேன் என்று எனக்கே தெரியவில்லை அக்கா. மழைக்காலம் வந்துவிடும். ஊரடங்கு தளர்ந்ததும் அத்தானும் பெரியவனுமாகக் கோடியக்கரைக்குப் போய்க் கரைத்துவிடட்டும். போகும்போது எனக்கு போன் போட்டுக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல், எந்த நேரமானாலும் எடுப்பேன், சைட்டில் சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

உன் தம்பி