"யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பள்ளி நூலகர். ஒரு பிள்ளை நன்றாக எழுதிவிட்டால் "யார் எழுதிக் கொடுத்தது?" என்றுதான் முதலில் கேட்கிறோம். முன்பு அக்கா, அண்ணன் மேல் சந்தேகம். இப்போது கம்ப்யூட்டர் மேல். அதனால்தான் அமெரிக்க நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சனைப் பற்றி உங்களிடம் பேச நினைத்தேன்.

1945-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் பிறந்தவர். ஆறு பிள்ளைகள். கறுப்பினத்தவரான அம்மா டெய்ஸி வில்சன் வீட்டு வேலைக்குப் போய் அவர்களை வளர்த்தார். நாலு வயதிலேயே மகனுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

15 வயதில் அந்தப் பையன் நெப்போலியனைப் பற்றி 20 பக்கக் கட்டுரை எழுதிக்கொண்டு போனான். அக்கா எழுதியிருப்பாள் என்று ஆசிரியருக்குச் சந்தேகம். நீதான் எழுதினாய் என்று நிரூபி என்றார். பையன் மறுத்துவிட்டான். ஃபெயில் போட்டார். தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வெளியேறினான்.

மறுநாள் காலை தலைமையாசிரியர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தான். "ஏன்டா வகுப்புக்குப் போகல?" என்று யாராவது இறங்கி வந்து கேட்டால் நடந்ததைச் சொல்லலாம் என்ற ஆசை. பின்னாளில் அவரே சொன்னது இது. ஒருவரும் வரவில்லை. பள்ளிப் படிப்பு அதோடு முடிந்தது.

அம்மாவுக்குத் தெரியாமல் தினமும் கார்னகி நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தான். 1965-இல் 20 டாலருக்கு ஒரு டைப்ரைட்டர் வாங்கினார். 1968-இல் நண்பர் ராப் பென்னியோடு பிளாக் ஹொரைசன்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கியபோது இயக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. நாடகம் இயக்கிப் பழக்கமே இல்லை. நேராக நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்துப் படித்துக் கற்றுக்கொண்டார். நூலகராக இருப்பதாலோ என்னவோ, இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். 1984-இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற பிராட்வே மேடையில் அவர் நாடகம், அப்புறம் 1987, 1990 என்று நாடகத்துக்கான இரண்டு புலிட்சர் பரிசுகள். பள்ளி தராத சான்றிதழைக் கடைசியில் அந்த நூலகமே அவருக்குக் கொடுத்தது.

சரி, அவர்தான் ஜெயித்துவிட்டாரே என்று என்னால் ஆறுதல்பட முடியவில்லை. அவருக்கு ஒரு நூலகம் கிடைத்தது. எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காது.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் மார்க் போடுவதற்கு முன் பத்து நிமிடம் பிள்ளையை அருகில் உட்கார வையுங்கள். "இதில் உனக்கு எந்த இடம் பிடித்தது?" என்று கேளுங்கள். தானே எழுதிய பிள்ளை என்றால் நீங்கள் நிறுத்தச் சொல்லும்வரை பேசும். வகுப்பு நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே பந்துச் சத்தம் கேட்டால், தயவுசெய்து ஒருவராவது இறங்கிப் போங்கள்.

அன்புடன்,
ஒரு பள்ளி நூலகர்