அப்பாவோட ஸ்வெட்டர் முடிஞ்சிருச்சு, கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட ஸ்வெட்டர் நேத்து ராத்திரி முடிஞ்சிருச்சு. கடைசி நூல் முனையை உள்ள சொருகி வெட்டினப்ப மணி 11.45. அப்பா தூங்கிட்டார், எழுப்பிக் காட்டலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், அப்புறம் மனசு வரல. அப்படியே மடியில போட்டுக்கிட்டு, இந்த நாலு மாசமா இதுக்குப் பின்னாடி யாரோட கையெல்லாம் இருந்துச்சுன்னு எண்ணிப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். நேர்ல வந்து நன்றி சொன்னா உங்கள்ல பாதிப் பேர் "அட, இதெல்லாம் ஒரு விஷயமா"ன்னு பேச்சை மாத்திடுவீங்கன்னு எனக்குத் தெரியும், அதனால எல்லார் முன்னாடியும் எழுதிடறேன். பேர் போடல, அவங்கவங்களுக்குப் புரியும்.

முதல்ல கீழ்வீட்டு அக்கா. குளிர் ஆரம்பிச்ச முதல் வாரம், சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் இருட்டிடும், வெளிய போகவும் முடியாது, வீட்டுக்குள்ள ஜன்னலைப் பாத்துக்கிட்டே இருந்தா மனசு என்னமோ பண்ணும், அப்பா வேற அப்பதான் முதல்தடவையா எங்ககூட குளிர்காலத்துக்குத் தங்க வந்திருந்தார், மூணு சட்டை போட்டும் நடுங்கிக்கிட்டிருந்தார். ஒருநாள் படிக்கட்டுல பாத்தப்ப அக்கா என் முகத்தைப் பாத்துட்டு என்ன ஏதுன்னு கேக்கவே இல்ல, மறுநாள் ஒரு துணிப்பையில ரெண்டு ஊசியும் பாதி உருண்டை நூலும் கொண்டுவந்து கொடுத்து, "சாயங்காலம் வா, ஒரு தொப்பி போட்டுப் பாக்கலாம்"னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. அக்கா, அந்த வார்த்தை எனக்கு எவ்ளோ பெருசுன்னு அன்னைக்கு சொல்லத் தெரியல. சின்னப் பிள்ளையில அம்மா சொல்லிக்கொடுத்ததுதான், ஆனா இருபது வருஷமா ஊசியைத் தொடல, விரல் எல்லாத்தையும் மறந்திருக்கும்னுதான் நெனச்சேன், ரெண்டாவது வரிசையிலயே ஞாபகம் வந்துருச்சு.

அடுத்தது அம்மா. போன்ல வீடியோ போட்டு, கேமராவுக்கு முன்னாடி ஊசியை வச்சு, "இப்ப சுத்து, இப்ப இழு, இப்ப விடு"ன்னு ராத்திரி ராத்திரியா எனக்காக முழிச்சிருந்தாங்க. நான் இங்க ஸ்டிச்சுன்னு சொன்னா அம்மா அங்க கண்ணின்னு சொல்வாங்க, எனக்கும் இப்ப கண்ணின்னுதான் வாயில வருது. பழைய பெட்டியிலேர்ந்து ஒரு பேட்டர்ன் பேப்பரையும் தேடி எடுத்து அனுப்பினாங்க, மடிப்பெல்லாம் கிழிஞ்சு போன பேப்பர், முன்பக்கம் 110 கண்ணி, பின்பக்கம் 110 கண்ணி, 8ஆம் நம்பர் ஊசி, 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணின்னு போட்டிருந்துச்சு. அப்பாவோட மார்பளவு 92, உள்ள சட்டை போட்டுக்க 8 சேத்தா 100 சென்டிமீட்டர், கணக்கு அப்படியே பொருந்துச்சு. உடனே 8ஆம் நம்பர் ஊசி வாங்கிட்டு வந்து ஆரம்பிச்சுட்டேன்.

இப்ப பாட்டியைப் பத்தி. நூலகத்துல வியாழக்கிழமை சாயங்காலம் கூடுற நம்ம பின்னல் குரூப்ல, ஜன்னலோர நாற்காலியில உக்காந்திருப்பாங்களே அவங்கதான். நான் போன முதல் நாள் பின்பக்கத்துண்டு ஏறக்குறைய முடிஞ்சிருந்துச்சு, 110 கண்ணி, 100 வரிசை, அதாவது 11,000 கண்ணி என் கையால போட்டது, ரொம்ப சந்தோஷமா மேஜையில விரிச்சேன். பாட்டி கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்தாங்க. நேர் பின்னல்ல ஒவ்வொரு கண்ணியும் வி மாதிரி ரெண்டு காலையும் விரிச்சு நிக்கணும் இல்லையா, என்னோடதுல ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அந்தக் கால் ரெண்டும் ஒன்னுமேல ஒன்னு ஏறி முறுக்கிக்கிட்டு நின்னுச்சு. நான் 11,000 கண்ணி போட்டும் எனக்கு அது கண்ல படல. பாட்டி ஒன்னும் சொல்லாம ஊசியை என் கையில கொடுத்து "பின்னு"ன்னாங்க. நான் ரெண்டு வரிசை பின்னினேன். பர்ல் வரிசையில, அதாவது துண்டைத் திருப்பி உள்பக்கத்துல பின்னுற வரிசையில, என் விரலைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க.

விஷயம் என்னன்னா, பர்ல் போடறப்ப நூலை நான் எதிர்த்திசையில சுத்திக்கிட்டிருந்தேன், அம்மா அப்படித்தான் சுத்துவாங்க. அப்படிச் சுத்துனா கண்ணி ஊசிமேல திரும்பி உக்காரும், அடுத்த வரிசையில அதோட பின்காலுக்குள்ள ஊசியை விட்டுப் பின்னணும், அம்மா கை அதைத் தானா பண்ணிடும், அவங்களுக்கே தெரியாது அதனால சொல்லவும் இல்ல. நான் சுத்துறதை அம்மா மாதிரியும், ஊசி விடறதை கீழ்வீட்டு அக்கா மாதிரி முன்காலுக்குள்ளயும் பண்ணியிருக்கேன். ரெண்டு பேர் முறையும் சரிதான், ரெண்டையும் கலந்ததுலதான் கண்ணி முறுக்கிக்கிச்சு. அக்காகிட்ட பின்னின தொப்பியில இது ஏன் வரலைன்னு கேட்டேன். அது வட்டமா பின்னினது, திருப்பவே வேண்டியதில்ல, பர்ல் வரிசையே கிடையாது, அதனால வரல. பாட்டி இதை விளக்கினப்ப எனக்கு அழுகையும் வந்துச்சு, அதே நேரம் இவ்ளோ அழகா ஒரு காரணம் இருக்கேன்னு ஒரு சந்தோஷமும் வந்துச்சு.

அதோட முடியல. பாட்டி பையிலேர்ந்து வரிசையா ஓட்டை போட்ட ஒரு சின்னத் தகடை எடுத்தாங்க, ஓரமெல்லாம் தேஞ்சு பளபளன்னு இருந்துச்சு. என் ஊசியை 4 மில்லிமீட்டர் ஓட்டையில வச்சு அழுத்தினாங்க, போகல. 5 மில்லிமீட்டர் ஓட்டையில விட்டதும் சர்ருன்னு இறங்கிருச்சு. அம்மாவோட பேப்பர்ல இருந்தது பழைய பிரிட்டிஷ் கணக்கு, அதுல 8ஆம் நம்பர்னா 4 மில்லிமீட்டர், நான் வாங்கினது அமெரிக்கக் கணக்கு, அதுல 8ஆம் நம்பர்னா 5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ்ல நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், 14ஆம் நம்பர்னா 2 மில்லிமீட்டர்தான், அமெரிக்கன்ல நம்பர் ஏற ஏற தடிமனாகும். அளந்து பாத்தா 22 வர வேண்டிய இடத்துல 18 கண்ணிதான் இருந்துச்சு, அப்படின்னா 50 சென்டிமீட்டர் வர வேண்டிய துண்டு 61 சென்டிமீட்டர், ரெண்டு துண்டையும் சேத்தா 122. அப்பா உள்ள இன்னொருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போகலாம். பழைய பேட்டர்ன் எடுக்கறவங்க தயவுசெஞ்சு நம்பரை நம்பாதீங்க, மில்லிமீட்டரைப் பாருங்க, ஒரு சாம்பிள் துண்டு போட்டு, துவைச்சுக் காயவச்சு, அப்புறம் அளங்க. பாட்டி, நீங்க அன்னைக்கு "பரவால்ல, அப்படியே போட்டுக்கலாம்"னு ஆறுதல் சொல்லியிருந்தா நானும் சரின்னு போயிருப்பேன். நீங்க பிரிக்கச் சொன்னீங்க. அந்தத் தகடையும் என் கையில வச்சு, "உன்கிட்டயே இருக்கட்டும்"னீங்க. எத்தனை வருஷம் உங்க பையில இருந்ததோ.

பிரிச்சது அப்பா. நான் ஊசியை உருவிட்டேன், அதுக்கு மேல கை போகல. அப்பாதான் நூலோட முனையைப் பிடிச்சு, "நான் இழுக்கறேன், நீ அந்தப்பக்கம் திரும்பிக்கோ"ன்னார். டர்ருன்னு ஒரு மெல்லிசு சத்தம் வரும் பாருங்க பிரிக்கறப்ப, ஒரு மணி நேரம் அதுதான் வீட்ல கேட்டுச்சு. பிரிச்ச நூல் சுருள் சுருளா, நூடுல்ஸ் மாதிரி வரும், அப்படியே மறுபடி பின்னினா மேடும் பள்ளமுமா வரும், அதனால முதல்ல சிட்டமா, அதாவது பெரிய வளையமா சுத்தணும், நாலு இடத்துல தளர்வா கட்டணும், வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரம் ஊறவைக்கணும், முறுக்கிப் பிழியாம டவல்ல வச்சு அழுத்தி எடுத்துத் தொங்கவிடணும். சுருள் தானா விரிஞ்சுடும். சிட்டம் சுத்த அப்பா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உக்காந்தார், கட்டைவிரல் மட்டும் மேல நிமிர்ந்து நிக்கும், நான் வலமா சுத்த அவர் இடக்கையைக் கொஞ்சம் சாய்ச்சுக்குவார், இடமா வரப்ப வலக்கையைச் சாய்ச்சுக்குவார், யாரும் சொல்லிக்கொடுக்கல. தோள் வலிக்குதாப்பான்னா "நீ சுத்து"ம்பார். ரெண்டு சாயங்காலம் அப்படிப் போச்சு. ஊர்க்கதை, அவரோட முதல் வேலை, நான் பொறந்த அன்னைக்குப் பெய்ஞ்ச மழைன்னு நான் கேக்காமலே பேசிக்கிட்டே இருந்தார், இத்தனை வருஷத்துல அப்பா இவ்ளோ பேசி நான் கேட்டதில்ல. அப்பா, நீங்க போட்டுக்கப்போற ஸ்வெட்டருக்கு நீங்களே கை கொடுத்தீங்க, நன்றின்னு சொன்னா திட்டுவீங்க, இருந்தாலும் சொல்லிக்கறேன்.

அப்புறம் அந்த ஒரு உருண்டை நூல். 50 கிராம் உருண்டை 10 வாங்கியிருந்தேன், ரெண்டாவது கையில முழங்கைக்குக் கீழ தீந்துபோச்சு. அதே கம்பெனி, அதே கலர் நம்பர் கடையில இருந்துச்சு, ஆனா டை லாட் வேற. ஒரு தொட்டியில சாயம் போட்டது ஒரு லாட், அடுத்த தொட்டி அடுத்த லாட், டியூப் லைட்ல ஒரே சாம்பலாத்தான் தெரியும், பகல் வெளிச்சத்துல வச்சா ஒன்னு லேசா நீலம் பாய்ஞ்சிருக்கும். குரூப்ல சொன்னப்ப, எப்பவும் கதவுப்பக்கம் உக்காந்து சால்வை பின்னுவாங்களே அந்த மேடம், எங்கிட்ட அதுவரைக்கும் பத்து வார்த்தைகூட பேசினதில்ல, மறுவாரம் ஒரு உருண்டையை என் முன்னாடி வச்சாங்க. லேபிளைப் பாத்தேன், லாட் நம்பர் அச்சு அசல் அதே. அவங்களும் நான் வாங்கின சமயத்துலதான் வாங்கியிருக்காங்க, அவங்க சால்வைக்கு எடுத்து வச்சது. ஒருவேளை லாட் ஒத்துப்போகலைன்னாலும் ரெண்டு வரிசை பழசு ரெண்டு வரிசை புதுசுன்னு மாத்தி மாத்திப் போட்டா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதுன்னும் சொல்லிக்கொடுத்தாங்க, அது தேவைப்படல. மேடம், உங்க சால்வையில ஒரு கரை குறைஞ்சிருக்கும். அப்பாவோட வலது மணிக்கட்டுக்கிட்ட நாலு விரக்கடை உயரம் உங்களோடது.

ஸ்வெட்டர் தவிர காலுறை ரெண்டு ஜோடியும் முடிச்சேன், அதுல கால்விரல் பக்கத்தைத் தையல் தெரியாம மூடுறதுக்குப் பேர் கிச்சனர், முதல் உலகப்போர் சமயத்துல பிரிட்டன்ல போர் மந்திரியா இருந்தவரோட பேர் அது. எனக்கு அது எத்தனை தடவை பாத்தும் ஏறல. குரூப்ல இருக்கற அந்தத் தம்பிதான் ஒரு பாட்டு மாதிரி ஆக்கிக் கொடுத்தார் (நிட்னா நேர்க் கண்ணி): முன் ஊசியில "நிட் கழட்டு, பர்ல் விட்டு வை", பின் ஊசியில "பர்ல் கழட்டு, நிட் விட்டு வை". இதை முணுமுணுத்துக்கிட்டே போனா கை தப்பாது, நடுவுல யாராவது கூப்பிட்டா மட்டும் பதில் சொல்லக்கூடாது. தம்பி, நாலு காலுறையும் உங்க பாட்டுலதான் மூடியிருக்கு.

நர்ஸ் அக்காவுக்கு ஒரு பெரிய நன்றி. ஸ்வெட்டரைப் பிரிச்ச வாரம் எனக்குப் பெரிய வேலை எதையும் தொடப் பிடிக்கல, அப்பதான் குறைமாசக் குழந்தைங்களுக்குத் தொப்பி வேணும்னு நீங்க கேட்டீங்க. அந்தக் குழந்தைங்களுக்கு உடம்பைப் பாத்தா தலை பெருசு, தலை வழியாவே சூடு நிறைய போயிடும்னும், வெந்நீர்ல மெஷின்ல துவைக்கணும்கறதால சாதாரண கம்பளி வேணாம், சுருங்கிக் கெட்டியாயிடும், மிருதுவான அக்ரிலிக் போதும்னும், குஞ்சம் பட்டன் ரிப்பன் எதுவும் கூடாதுன்னும் சொன்னீங்க. ஒரு தொப்பி என் கைமுஷ்டியில மாட்டினா கிட்டத்தட்ட சரியா நிக்கும், அவ்ளோதான் அளவு. அதைக் கைமேல மாட்டிப் பாத்த அன்னைக்கு என்னால கொஞ்ச நேரம் எதுவும் பேச முடியல. 14 தொப்பி கொடுத்தேன், இன்னும் வருது.

மணிக்கட்டு வலி வந்தப்ப "ஒரு வாரம் ஊசியைத் தொடக்கூடாது, அப்புறம் அரை மணிக்கு ஒருதடவை எழுந்திரிக்கணும்"னு கண்டிப்பா சொன்ன பிசியோ மேடத்துக்கும், டைமர் வச்சு என்னை எழுப்பிவிட்ட வீட்டுக்காரருக்கும் நன்றி.

ஸ்வெட்டரை இன்னைக்குக் காலையில அலசி, தண்ணியை ஒத்தி எடுத்து, அளவுக்கு இழுத்துவிட்டு, டவல்மேல விரிச்சு வச்சிருக்கேன். மார்புச்சுத்து 100, டேப் வச்சு மூணு தடவை அளந்துட்டேன். அப்பா அரை மணிக்கு ஒருதடவை வந்து தொட்டுப் பாத்து "காஞ்சிருச்சே"ங்கறார். கம்பளி அதோட எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உள்ள வச்சுக்கும், தொட்டா ஈரமாவே தெரியாது, அவசரப்பட்டுப் போட்டா வடிவம் போயிடும்னு பாட்டி சொல்லியிருக்காங்க, அதனால நாளை மறுநாள்தான்னு சொல்லிட்டேன். அப்பாவும் சரின்னுட்டு அந்த டவலுக்குப் பக்கத்துலயே நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்கார்.

மேடம் கொடுத்த உருண்டையில பாதி மீதி இருக்கு, 25 கிராமுக்குக் குறையாது. லேபிளோட, லாட் நம்பர் தெரியற மாதிரி மடிச்சு பத்திரமா வச்சிருக்கேன். அந்தச் சாம்பல்ல யாருக்காவது குறைஞ்சா வியாழக்கிழமை சொல்லுங்க, கொண்டுவர்றேன்.