இன்டர்வியூவுக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

பெங்களூரு ஐஐஎஸ்சியில் பிஎச்.டி. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நீ போனில் சொன்னதும், அம்மா எதிர்வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. "பி.எஸ்சி. மார்க்கைக் கேட்டால் அம்மா ஆபரேஷனைச் சொல்லிக்கொள்கிறேன்ப்பா" என்றாயே, அதனால்.

ஆபரேஷன் நடந்தது நாலாவது செமஸ்டரில். அரியர் மூன்றும் விழுந்தது அதற்கு ஒரு வருஷம் முன்னால். அப்போது நீ எங்கே கிடந்தாய் என்று கிரிக்கெட் மைதானத்தைக் கேட்டால் சொல்லும். மார்க் பட்டியலில் தேதி இருக்கும் தம்பி. கேட்டால், "படிக்கவில்லை சார்" என்று சொல். அம்மாவை இழுக்காதே.

28 வருஷம் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக இருந்தவன் நான். மூன்று ரீடிங்கும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தால், பையன் கரைசலை அளந்து சொட்டவிடும் பியூரெட்டைத் திறந்தே இருக்கமாட்டான் என்று தெரிந்துவிடும். பர்மாங்கனேட் கரைசல் அடர் ஊதா, அதன் மட்டத்தின் அடிவளைவு கண்ணுக்குத் தெரியாது, மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும். முதல் தடவை எல்லோரும் தப்பாகத்தான் படிப்பார்கள். நல்ல பையன் அதை ரப்பரால் அழிக்காமல், ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவான். உன் எம்.எஸ்சி. பிராஜெக்ட் நோட்டு பூராவும் அப்படி அடித்த கோடுகள். நீ இல்லாதபோது எடுத்துப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே.

பெரியப்பா வழக்கம்போல ராமானுஜன் கதையை ஆரம்பித்துவிட்டார். நம்ம கும்பகோணம் காலேஜில் அவருக்கு ஸ்காலர்ஷிப் போனதும், சென்னையில் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்து காலேஜ் பரீட்சை தேறாததும் நிஜம்தான். ஆனால் 1914இல் கப்பல் ஏறும் முன்பே, 1911இல் அவருடைய கட்டுரை அச்சில் வந்துவிட்டது. ஃபெயிலானதற்காக யாரும் அவரைக் கூப்பிடவில்லை. உனக்கு அந்த நோட்டும் காரைக்குடியில் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் பார்த்த இரண்டு வருஷ வேலையும் இருக்கிறது. அதைப் பேசு.

கேட் (GATE) பரீட்சை மதிப்பெண் உன்னை வாசல் வரை கொண்டுவந்துவிட்டது. உள்ளே மின்வேதியியலில் வரும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு மாதிரி அடிப்படையைத்தான் குடைவார்கள். போர்டில் தெரிந்தவரை எழுது, முட்டினால் முட்டிய இடத்தைச் சொல்.

அப்புறம், ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்றதும் அம்மா இப்போதே சீட்டு கட்டக் கணக்குப் போடுகிறாள். காதில் வாங்காதே.

வீட்டுக்கு வந்துவிட்டு மைசூர் எக்ஸ்பிரஸில் போ. நோட்டுக்கு அட்டை போட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா