மோடத்தைத் தூங்க விடுங்கள்: வழிகாட்டிக் கருவி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நாட்டுப்படகுகளில் உள்ள வழிகாட்டிக் கருவியின் மென்பொருள் குழுவினருக்கு,

வணக்கம். பாம்பனில் படகுக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். விடியும்வரை பேட்டரி தாங்கவில்லை என்ற புகார் உங்களுக்குப் புதிதல்ல. பெரிய பேட்டரி போடச் சொன்னீர்கள். போன வாரம் வடகடலில் ஒரு படகில் நள்ளிரவு தாண்டியதும் திரை அணைந்துவிட்டது. வலை தண்ணீரில் கிடக்கிறது, நீரோட்டம் கிழக்கே இழுக்கிறது. 1974-இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு வகுத்த கடல் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. எல்லை தாண்டிவிடுவோமோ என்ற பயத்தில் வலையை அறுத்துவிட்டு, கரை வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். அந்த வலைக்கு வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது.

நீங்கள் வெளியிட்ட, கருவியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் மையப்பகுதியான கெர்னலின் மூலநிரலைப் படித்துப் பார்த்தேன். சும்மா இருக்கும் பாகங்களைத் தூங்க வைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வசதி ஒன்று அதில் உண்டு, பெயர் ரன்டைம் பிஎம். செல்போன் டவரோடு பேசும் பாகமான மோடத்துக்கு வேலை கொடுக்கும்போது, அதை இயக்கும் நிரலான டிரைவர் அந்த ரன்டைம் பிஎம் கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது. வேலை முடிந்ததும் அதைக் கழிக்க வேண்டும். கணக்கு பூஜ்யத்துக்கு வந்தால்தான் கெர்னல் மோடத்தைத் தூங்க வைக்கும். ஆனால் டவரில் பதிவாகக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டால், உங்கள் டிரைவர் பிழை எண்ணோடு அப்படியே திரும்பிவிடுகிறது, கூட்டியதைக் கழிப்பதில்லை. கரையில் டவர் கிடைப்பதால் கணக்கு சரியாக வருகிறது. நடுக்கடலில் ஒவ்வொரு முறையும் ஒன்று ஏறுகிறது, இறங்குவதே இல்லை. மோடம் விழித்திருக்கும்வரை அது இணைந்திருக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலரும் தூங்க முடியாது. அங்கே யாருக்கும் உதவாத மோடம் ராத்திரி முழுக்க பேட்டரியைக் குடிக்கிறது.

பிழை வந்து திரும்பும் இடத்திலும் அந்தக் கணக்கைக் கழியுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

லினக்ஸில் ரன்டைம் பிஎம் 2009-இல், 2.6.32 பதிப்பிலேயே வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் இந்தத் தவறு கடலுக்கு வருகிறது என்றால், சிக்னல் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரிகூட யாரும் கருவியை ஓட்டிப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. கடலுக்கென்று விற்கும் சாமானைக் கரையில் மட்டும் சோதித்து விற்பது எப்படிச் சரியாகும்? பேட்டரி, சார்ஜர், வலை என்று எல்லாச் செலவும் மீனவர் தலையிலேயே விழ வேண்டுமா?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தடைக்காலம் முடியட்டும் என்று மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் நிற்பவை விசைப்படகுகள்தான். நாட்டுப்படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். திருத்திய நிரலை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அதைச் சரிபார்த்து, மெமரி கார்டில் போடும்படி அப்டேட்டாகக் கொடுங்கள். இங்குள்ள படகுகளுக்கு நானே ஏற்றித் தருகிறேன். அந்தக் கணக்கைக் கழித்துவிடுங்கள், தயவுசெய்து.

பாம்பனிலிருந்து,
படகுக் கருவி பழுது பார்ப்பவன்