பெயர் கேட்க மறந்த அண்ணாவுக்கு நன்றி

போன சனிக்கிழமை சிம்கோ ஏரிக்கரையில் எனக்குக் கைகொடுத்த அண்ணா, இது உங்களுக்குத்தான்.

இரண்டு குளிர்காலம் படங்கின் கீழே கிடந்த படகு. தாங்கியில் அறுபது லீற்றர் மட்டில் பழைய பெற்றோல். மூடியைத் திறந்தால் வாணிஸ் மணம். குழாயை விட்டு வாயால் உறிஞ்சப் போனேன். ஓடிவந்து பறித்தீர்களே, அந்த அதட்டல் இன்னும் காதில் கேட்கிறது. (மனைவிக்கு இதைச் சொல்லவில்லை.)

நிரப்பும் வாயால் விட்டால் அடிமட்டும் எட்டாது என்று, அளவு காட்டும் மிதவையைக் கழற்றி, அந்த ஓட்டையால் உங்கள் கைப்பம்பை வைத்து இறைத்தீர்கள். அதற்கு முதலே பற்றரி வயரைக் கழற்றியாயிற்று. கான்களை வாகனத்தில் வைத்து நிரப்பவே விடவில்லை. நிலத்தில் வைத்தால்தான் நிலைமின் பொறி பறக்காதாம். கடைசி இறைப்பைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் காட்டினீர்கள்: மேலே பெற்றோல், அடியில், பெற்றோலில் கலந்துவரும் எத்தனோல் என்ற மதுசாரத்தோடு சேர்ந்து பிரிந்த தண்ணீர். எஞ்சின் முதலில் குடித்திருக்கக்கூடியது அதைத்தான்!

பழையது முழுக்க நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்துவிட்டேன். உங்கள் சிவப்புப் புனல் என்னிடம் இருக்கிறது அண்ணா, வந்து வாங்குங்கோ.