திம்பம் ஏறும் முன் மூடியைப் பார்

ஆனைமலை

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. தாளவாடியில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. இங்கே தென்னையை வாடல் நோய் விடுகிற பாடாக இல்லை. தெற்கால தோட்டத்தில் காய்ப்பு ஓய்ந்த மரங்களை வெட்டிவிட்டோம். எல்லாம் அப்பா வைத்த மரங்கள். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் வண்டி விஷயம்தான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது. "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, இறக்கோணும்" என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதாவது இன்ஜின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, அதன் அடியில் இருக்கிற அடைப்புத் தகட்டை மாற்ற வேண்டும் என்கிறார். உடனே சரி சொல்லிவிடாதே. ஈரோடு வரை ஓட்டினாலும் சூட்டைக் காட்டுகிற முள் பாதியிலேயே நிற்கிறது. பண்ணாரி தாண்டி, திம்பம் மலையின் 27 வளைவில் பாதி ஏறுவதற்குள் சிவப்புக்குப் போகிறது. நிறுத்தின இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனாலும் அடிக்கடி தண்ணி ஊற்ற வேண்டியிருக்கிறது. நீ எழுதினது இவ்வளவுதான். இதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது, இன்ஜின் தண்ணியை ஆற்றுகிற ரேடியேட்டரின் மூடியை.

அந்த மூடியில் ஒரு ஸ்பிரிங், அடியில் ஒரு ரப்பர். மேலே 0.9 என்றோ 1.1 என்றோ அடித்திருக்கும்; அத்தனை பார் அழுத்தம் வரை உள்ளே பிடித்து வைக்கும் என்று அர்த்தம். 0.9 பிடித்தால் வெறும் தண்ணிகூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் விறைத்துப்போய் அழுத்தம் நிற்காவிட்டால் சமவெளியில் 100 டிகிரியிலேயே கொதிக்கும். திம்பம் 1,000 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் 96, 97 போதும். இரண்டாவது கியரில் சுமையோடு ஏறுகிற இன்ஜின் அந்தச் சூட்டை எளிதாகத் தொட்டுவிடும். கொதித்தது ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கிற ஸ்பேர் டேங்க் வழியாகத் தள்ளிக்கொண்டு ரோட்டில் போய்விடும். பிறகு உன் வாசலில் எப்படி ஈரம் இருக்கும்? ராத்திரி வண்டி ஆறின பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அந்த ரப்பர் குழாயைப் பார். சப்பிப்போய்க் கிடந்தால், டேங்க்கில் இருக்கிற தண்ணியை மூடி திரும்ப உள்ளே விடவில்லை என்று வைத்துக்கொள். மூடிக்கு ஆகிற செலவும் ஹெட் இறக்குகிற செலவும் பக்கத்தில் நிற்காது. முதலில் அதே அளவில் புதுசு மாற்று.

மூடியை விடியற்காலை, வண்டி சில்லென்று இருக்கும்போது மட்டும் கழற்று. சூட்டில் திறந்தால் ஆவி முகத்தில்தான் அடிக்கும்.

மூடி மாற்றியும் தண்ணி குறைந்தால் எங்கேயோ கசிகிறது. ஓடும்போது மட்டும் கசிந்து, சூட்டிலேயே காய்ந்துவிடுகிற கசிவு உண்டு. அது தடத்தை விட்டுவிட்டுப் போகும். போன மாதம் சித்தப்பா வண்டியில் அப்படித்தான். வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாக வெளியேறும். டார்ச் அடித்துப் பார்த்தால் துளையிலிருந்து கீழ் வரைக்கும் பச்சையும் வெள்ளையுமாக உப்புக் கோடு. நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிர்ந்தது. பம்ப் மாற்றினதோடு சரியாயிற்று. இதே உப்புக் கறையை ஹோஸ் கிளிப்புகளிலும், ரேடியேட்டரில் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பிலும் தேடு. முன் சீட்டு மிதியடிக்குக் கீழே கை வை; ஈரமும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டர் கசிகிறது. கண்ணுக்குச் சிக்காவிட்டால், கை பம்ப் வைத்த பிரஷர் டெஸ்டர் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போ. மூடியில் போட்டிருக்கிற அளவுக்கு அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் முள்ளையே பார்க்கச் சொல். முள் இறங்கினால் எங்கேயோ கசிகிறது; வெளிக்கசிவு என்றால் வண்டி ஓடாமலேயே இடம் தெரிந்துவிடும்.

ஃபேனையும் விட்டுவிடாதே. மலையில் மெதுவாக ஏறும்போது எதிர்காற்று இருக்காது, ஃபேன்தான் கதி. ரேடியேட்டர் முகத்தில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் இன்ஜின் பக்கமிருந்து வெளியே பார்த்துத் தண்ணி அடித்துக் கழுவு.

ஹெட் கேஸ்கெட்தான் என்றால் அதற்கு அடையாளம் வேண்டும். ஆயில் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் நுரை. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை. ஆறின வண்டியை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது. ரேடியேட்டருக்குள் விடாமல் குமிழி வருவது. இதில் ஒன்றுமே இல்லாமல் ஹெட்டை இறக்கச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேள். கேட்பதில் தப்பே இல்லை.

மஞ்சள் தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்று உங்கள் ஊரில் யாராவது சொல்வார்கள். நடுவழியில் பக்கத்து ஊர் வரை போய்ச் சேர அது உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கிற தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். போர் தண்ணியும் வேண்டாம். அதிலிருக்கிற உப்பு உள்ளே படிந்து படிந்து சூட்டை இறங்க விடாது. ரேடியேட்டருக்கென்று கெட்டியாக விற்கிற கூலன்ட் திரவத்தில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணியைச் சரிபாதி கலந்து ஊற்று. மிச்சத்தைத் திறந்து வைக்காதே. இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், அது விஷம்.

அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கோயமுத்தூர் கூட்டிவரப் போவதாக எழுதியிருக்கிறாய். இதையெல்லாம் பார்க்காமல் அந்த வண்டியில் அவங்களை உட்கார வைக்காதே. திரும்பி ஏறும்போது புலிகள் காப்பகத்துக்கு நடுவில் நின்றுவிட்டால், பொழுதும் சாய்ந்துவிட்டால், அவங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? அப்படியும் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடு. கொஞ்சம் சூட்டை அது இழுக்கும். அதற்கும் இறங்காவிட்டால் அகலமான இடமாகப் பார்த்து ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்து. சூட்டோடு பச்சைத் தண்ணி ஊற்றிவிடாதே, ஹெட்டில் விரிசல் விட்டுவிடலாம்.

வேலை முடியவில்லை என்றால் தேதியை மட்டும் சொல். நான் என் வண்டியில் வந்து அம்மாவை அழைத்துக்கொள்கிறேன். மூடியில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது. நம் பக்கம் கிடைத்தால் இரண்டாக வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்