கூடாரம் காய்ந்துவிட்டது: பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு நன்றி மடல்

அல்சூர், மர்பி டவுன், ஜோகுபாளையம் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

மே மாத மழையில் எங்கள் சாரணர் (ஸ்கவுட்) படையின் சாமான் அறைக்குள் தண்ணீர் புகுந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன், தப்பு என்னுடையதுதான். அறையின் சின்ன ஜன்னலில் பலகை பெயர்ந்திருந்ததை நானே பார்த்தேன். அடுத்த ஞாயிறு ஆணி அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஞாயிறுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. நாலு நாள் கழித்துக் கதவைத் திறந்தால், ஐந்து கேன்வாஸ் கூடாரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊறிக் கிடந்தன. மடிப்புக்குள் கறுப்பாகப் பூஞ்சை. முதலுதவிப் பெட்டியில் இருந்த கட்டுத்துணிகள் பிழிந்த இட்லித் துணி மாதிரி இருந்தன. ‘தயாராக இரு’ என்று வாராவாரம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சாரண ஆசிரியரின் லட்சணம் இது.

இது செப்டம்பர் கடைசி. இன்று அதே அறையில் பழுது பார்த்த மூன்று கூடாரமும் புதிய இரண்டு கூடாரமும் தரையில் இருந்து ஒரு முழம் உயரத்தில் பலகைமேல் இருக்கின்றன. இடையில் நடந்ததற்கு யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ, அவர்களுக்கு எழுதுகிறேன். டிசம்பர் வரை என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறுபடியும் உங்கள் கதவைத்தான் தட்டப்போகிறோம்.

முதலில் சிவாஜிநகரில் தார்ப்பாய் தைக்கும் பெரியவருக்கு. பிள்ளைகள் அவரை ‘பாய் தாத்தா’ என்கிறார்கள். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய், எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் விலை சொல்லவில்லை. எத்தனை பசங்க இருக்காங்க என்று கேட்டார். முப்பத்து நாலு பேர் என்றேன். “நான் தைச்சா ஒரு நாள் வேலை. அவங்க தைச்சா நாலு நாள். கூட்டிட்டு வாங்க” என்றார்.

புலி அணியில் இருந்து நாலு பையன்கள், மல்லிகை அணியில் இருந்து நாலு பெண்கள் போனார்கள். சாரணர் அணிகளுக்கு மிருகம், பறவை பெயரும் சாரணியர் அணிகளுக்குப் பூப்பெயரும் வைப்பது வழக்கம். மல்லிகைதான் புலியைவிட நேராகத் தைத்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கோணி ஊசியை எப்படிப் பிடிப்பது, உள்ளங்கையில் தோல்பட்டையை மாட்டிக்கொண்டு ஊசியின் பின்பக்கத்தை எப்படி அழுத்துவது, நூலை மெழுகுவர்த்தித் துண்டில் இரண்டு தடவை இழுத்தால் ஏன் அது தண்ணீர் குடிக்காது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பூஞ்சை அரித்த இடத்தை வெட்டி எடுத்து, ஓரத்தை உள்ளே மடித்து, ஒட்டுத்துணி வைத்துச் சுற்றி இரண்டு வரிசை. ஒரு பையன் அவசரத்தில் மடிக்காமல் தைத்துவிட்டான். பெரியவர் திட்டவில்லை. ஓரத்தில் நகத்தை விட்டுச் சும்மா இழுத்தார், இழை இழையாகப் பிரிந்து வந்தது. “பிரி” என்றார், அவ்வளவுதான். பையன் பிரித்துவிட்டு மறுபடி தைத்தான். கூலி என்று கடைசியில் அவர் வாங்கிக்கொண்டது நூல் காசும் ஒரு டப்பா பிரியாணியும்.

பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் உள்ளதைச் சொன்னால், செய்து கொடுத்தவர்களைவிட, பிள்ளைகளின் கையில் வேலையைக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகப் பக்கத்தில் நின்றவர்களைத்தான் இந்த நாலு மாதத்தில் நான் அதிகம் நினைத்துக்கொண்டேன். ஒரு இடத்தில் ஐந்து கூடாரமும் புதிதாகவே வாங்கித் தருகிறோம் என்றார்கள். ஒவ்வொரு கூடாரத்திலும் அவர்கள் பெயரும் படமும் ஆள் உயரத்துக்கு அச்சடிக்க வேண்டுமாம். பேர் சொல்லப்போவதில்லை. நல்ல மனசோடுதான் கேட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவரின் முகத்துக்குள் படுத்துத் தூங்கப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் பழைய பேப்பர். நாலு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக வந்தோம் இல்லையா, முதல் ஞாயிறு நடந்த கூத்து ஏரிக்கரைப் பக்கம் நடந்து போனவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் கட்டிய கட்டுகளை ஆட்டோவில் ஏற்றினோம். திருவள்ளுவர் சிலை தாண்டுவதற்குள் மூன்று கட்டு அவிழ்ந்து, காற்று வேறு அன்றைக்குப் பார்த்து, ஒரு மாதச் செய்தியும் சாலையில் பறந்தது. கயிற்றின் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டும் ரீஃப் முடிச்சு போட வேண்டிய இடத்தில் பாதிப் பேர் இரண்டு தடவையும் ஒரே பக்கமாகச் சுற்றியிருந்தார்கள். வலது மேல் இடது, பிறகு இடது மேல் வலது என்று மாற்றிப் போட்டால்தான் ரீஃப். ஒரே பக்கம் போட்டால் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வகுப்பில் நான் பத்துத் தடவை சொல்லியும் ஏறாதது, சாலையில் குனிந்து பேப்பர் பொறுக்கிய அரைமணி நேரத்தில் ஏறிவிட்டது. அன்று வண்டிகளை நிறுத்திவைத்து, தாங்களும் குனிந்து பொறுக்கித் தந்த முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நன்றி.

ஆட்டோ அண்ணாவுக்குத் தனியாக. கன்னடக்காரர், எங்கள் பிள்ளைகளோடு பேசிப் பேசி இப்போது நன்றாகவே தமிழில் திட்டுகிறார். முதல் இரண்டு வாரம் காசே வாங்கவில்லை. மூன்றாவது வாரம் “வண்டி கேஸுக்கு மட்டும் கொடுங்க சார்” என்றார். அப்படிக் கேட்டதற்கும் சேர்த்துத்தான் நன்றி. கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொள்கிறவர் நாலாவது வாரம் வரமாட்டார்.

முடிச்சு என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். தாமரை அணிப் பெண் ஒருத்தியின் தாத்தா, ஆரணிப் பக்கம் தறி போட்டவர். பேத்தியை அழைத்துப் போக வந்தவர், தடிமன் வேறுபட்ட இரண்டு கயிறுகளை இணைக்கும் ஷீட் பெண்ட் முடிச்சை நான் கற்றுக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார். “இது நாங்க தறியில அறுந்த இழைக்குப் போடுறதுதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?” ஒரு நூலை எடுத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசைய, நான் கண் சிமிட்டுவதற்குள் போட்டுவிட்டார். உண்மைதான், நெசவாளர் முடிச்சும் ஷீட் பெண்டும் ஒன்றேதான். இத்தனை வருஷம் கப்பல்காரர்களின் முடிச்சு என்றே சொல்லிக்கொடுத்துவந்தேன். அடுத்த மூன்று சனிக்கிழமையும் முடிச்சு வகுப்பு அவருடையது, நானும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

பவுரிங் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் அக்கா முதலுதவிக்கு வந்தார். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் பயிற்சிக்கு பொம்மை இல்லை, பழைய தலையணைதான். பெரியவர்களுக்கு என்றால் ஐந்து சென்டிமீட்டராவது கீழே போக வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. ஒரு பையன் தடவிக்கொடுப்பது போல அழுத்தினான். “தலையணைக்கு வலிக்கும்னு பாக்குறியா தம்பி?” என்றார் அக்கா. பாம்புக் கடிக்கு என்ன செய்வாய் என்று கேட்டபோது எல்லோரும் சினிமாவில் பார்த்ததையே சொன்னார்கள்: கீறணும், உறிஞ்சணும், இறுக்கிக் கட்டணும். மூன்றும் கூடாது என்று மூன்று தடவை எழுதச் சொன்னார். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் சிம்பு என்னும் கட்டை வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். 108 எந்நேரமும் நினைவில் இருக்க வேண்டும்.

சரி, கணக்கு. பழைய பேப்பர் 640 கிலோ, கிலோ 14 ரூபாய் வீதம் 8,960. நீங்கள் கொடுத்த நன்கொடை 27,540. ஆக வரவு 36,500. செலவில் புதுக் கூடாரம் இரண்டு 13,000, தார்ப்பாய், கயிறு, பலகை எல்லாம் சேர்த்து 7,200, முதலுதவிப் பெட்டி 2,400. கையில் இருப்பு 13,900. ரசீதுகள் சாமான் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பேம்பூ பஜாரில் மூங்கில் கடைக்காரர் தந்த இருபத்து நாலு கழிக்கு விலை போடவில்லை, அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இனி வரப்போவது. டிசம்பர் கடைசி வாரம் பள்ளி விடுமுறையில் மூன்று நாள் தொட்டபள்ளாப்பூரில் முகாம். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அம்மா இல்லாமல் ஒரு இரவும் வெளியே தூங்கியதில்லை. அங்கே மாநில சாரணர் பயிற்சி மையத்துக்கு அன்னி பெசன்ட் அம்மையார் பெயர். ஏன் அவர் பெயர் என்று பிள்ளைகள் கேட்டார்கள். இந்தியாவில் முதல் சாரணர் படை 1909இல் நம் பெங்களூரில்தான் ஆரம்பித்தது, கேப்டன் பேக்கர் என்பவர் தொடங்கியது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் அப்போது இடம். நம் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று 1916இல் மதராஸில் பெசன்ட் அம்மையாரும் அவரோடு பணிபுரிந்த அருண்டேலும் தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார்கள். இதைச் சொன்னதும் மல்லிகை அணித் தலைவி, “அப்போ நம்ம ஊர்லயே நம்மளச் சேர்த்துக்கல, அப்படித்தானே சார்?” என்றாள். அப்படித்தான் என்றேன். “சரி, இப்ப நாம போய் அங்கயே கூடாரம் போடுவோம்” என்றாள்.

முகாமுக்குப் பேருந்து, சாப்பாடு, தங்கும் கட்டணம் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குப் பக்கம் வரும். இருப்பு போக மீதிக்குத்தான் தீபாவளிக் கைமுறுக்கு. ஜோகுபாளையத்துப் பாட்டி ஒருவர் சுற்றக் கற்றுக்கொடுக்கிறார். அச்சு வைத்துப் பிழியலாமே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போதைக்குப் பிள்ளைகளின் முறுக்கு மூன்று சுற்றில் நிற்கிறது, சில நேரம் முட்டை வடிவத்தில். தீபாவளிக்குள் ஐந்து சுற்று வந்துவிடும் என்று பாட்டி சொல்கிறார். அரைக்கிலோ 220 ரூபாய். சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு வரை சாமான் அறையில் பெயர் கொடுக்கலாம். வடிவம் சரியில்லை என்று யாராவது திருப்பித் தந்தால் நானே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 7 பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950இல் தொடங்கிய நாள். அன்று கொடி ஸ்டிக்கரோடு பிள்ளைகள் வருவார்கள். அந்தக் காசுக்குத் தனிக் கணக்கு, முகாம் செலவோடு சேராது. நவம்பர் ஞாயிறுகளில் திசைகாட்டி, வரைபடம், மூங்கிலில் கயிறு கட்டி மேடை போடுவது, விறகடுப்பு மூட்டுவது என்று துவிதிய சோபான் என்னும் இரண்டாம் படித் தேர்வுக்கான பயிற்சி. அடுப்பு மூட்டும் நாளில் புகை வந்தால் பக்கத்து வீட்டார் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நன்றி பாக்கி. எங்களிடமே சாரணராக வளர்ந்த ஒரு தம்பியும் ஒரு தங்கையும் ஏழு நாள் தங்கிச் சாரண ஆசிரியர் அடிப்படைப் பயிற்சிக்குப் போகிறார்கள். தம்பிக்கு ஒயிட்ஃபீல்டில் இரவு ஷிஃப்ட், தங்கைக்கு ஒரு தையல் யூனிட்டில் வேலை. இருவரின் மேலாளர்களும் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுத்திருக்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் கூடாரம் தூக்குகிற எனக்கு இதைவிடப் பெரிய நன்கொடை இல்லை. அப்புறம், பன்னிரண்டு வருஷமாக வாடகை வாங்காமல் அறையைக் கொடுத்திருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு. கதவைத் திறந்து பார்த்த அன்று, தன் வீட்டு மொட்டைமாடி முழுவதும் கூடாரத்தை விரித்துக் காயப்போட்டுவிட்டு, வடாம் போடும் வேலையை இந்த வருஷம் நிறுத்தியே விட்டார். ஜன்னலுக்குப் புதுப் பலகை அடித்துவிட்டேன் அம்மா. வந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அக்டோபர் இரண்டாவது ஞாயிறு காலை ஏழரைக்கு மறுபடி பேப்பருக்கு வருகிறோம். போன தடவை நிறைய வீடுகளில் நீங்களே அழகாகக் கட்டி வாசலில் வைத்திருந்தீர்கள். இந்தத் தடவை தயவுசெய்து கட்டி வைக்காதீர்கள். சணல் கயிறு பிள்ளைகள் கொண்டுவருவார்கள்.

அன்புடன்,
அல்சூர் சாரணர் படையின் சாரண ஆசிரியர்